வெப்பக்காற்று நின்ற வாரம்

வாடகைக் கார் நிறுத்தத்தில் அவரை எல்லோரும் மேகம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஆள் இங்கே நின்றுகொண்டிருப்பார், கண் எங்கோ போயிருக்கும். கையில் இருக்கும் டீயில் ஆடை படிந்திருக்கும்.

"மேகம், டீ ஆறிப்போச்சு."

"ஆறட்டும். அதுவும் பாவம், ரொம்ப நேரமா கொதிச்சிருக்கு."

கார் ஓட்டுவதற்கு முன்னால் அவர் ஓர் அட்டைப்பெட்டி ஆலையில் வேலை பார்த்தார். பெட்டிகள் மேல் விலாசத் தாள் ஒட்டும் வேலை. கூரை இடுக்கில் புறா ஏதாவது வந்து உட்கார்ந்துவிட்டால் போதும், அன்றைக்குச் சில பெட்டிகள் தலைகீழ் விலாசத்தோடு ஊர் சுற்றும். மேற்பார்வையாளர் திட்டினாலும் அவருக்கு உறைத்ததில்லை. ஆலையை மூடியபோது மற்றவர்கள் வாசலில் கூடி நின்று வயிறெரிந்து பேசினார்கள். மேகத்துக்கோ வெகுநாளாகச் சாத்திக் கிடந்த ஜன்னலை யாரோ திறந்துவிட்ட மாதிரி இருந்தது. வீட்டில் அதைச் சொன்னால் அடி விழும் என்று சொல்லவில்லை.

மனைவியின் அண்ணன் வேறு ஊருக்குக் குடிபோனபோது தன் பழைய காரை இவரிடம் விட்டுவிட்டுப் போனார். கரும்பச்சை நிறம், உருண்டை விளக்குகள், அறைந்தால்தான் மூடும் கதவுகள். "மாப்ளே, இதுல எது வேணா மக்கர் பண்ணும், ஹீட்டர் மட்டும் பண்ணாது" என்பது மச்சான் கொடுத்த உத்தரவாதம். அது பொய்யில்லை. குளிர்கால விடியலில் கண்ணாடி முழுக்கப் பனி பூத்திருக்கும்போது இன்ஜினை ஓடவிட்டு, காற்றுக் குமிழை ஒரு கட்டம் திருப்பினால் போதும். முன்பலகைக்குப் பின்னாலிருந்து உஸ்ஸென்று மெல்லிய ஓசை கிளம்பும். இன்ஜினின் சூடு முதலில் கால்விரலுக்கு வரும், அப்புறம் முழங்காலுக்கு, அப்புறம் மனசுக்கு. பனி நடுவிலிருந்து கரைந்து, தெரு ஒரு சின்ன வட்டமாகத் தெரிய ஆரம்பிக்கும். அந்த வட்டம் பெரிதாவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார் மேகம். முழுத் தெருவும் தெரிந்த பிறகுதான் கிளம்புவார்.

அந்த வெதுவெதுப்புக்காகவே அவரிடம் நிரந்தரமாக வந்த சவாரி ஒன்று இருந்தது. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர், ஐம்பதை எட்டிய பெண்மணி. பூட்டுக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் தனியாகக் குடியிருந்தார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டதால், ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இயந்திரத்தோடு கைகோத்துப் படுத்திருக்க வேண்டும். ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தப்படுத்தி, திரும்ப உள்ளே விடும் இயந்திரம். அது முடிந்து வெளியே வரும்போது ஆள் வெளுத்து, உடம்பு பனிக்கட்டியாகச் சில்லிட்டிருக்கும். மேகம் பத்து நிமிடம் முன்பே காரைச் சூடேற்றி வைத்திருப்பார். ஓவியர் முன் இருக்கையில் ஏறி, காற்று வரும் துளைகளின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, "அப்பாடா" என்பார். பாலம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார்.

தூக்கத்தில் பேசுவார்.

முதல் தடவை, ஓவியர் தன்னிடம்தான் ஏதோ கேட்கிறார் என்று மேகம் நினைத்து, "என்னக்கா?" என்றார். ஓவியரின் கண்கள் மூடியிருந்தன. தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. தெளிவான, கொஞ்சம் சிறுமித்தனமான குரலில், "குடையை மடக்காதீங்கப்பா. உள்ள மழை இருக்கு" என்றார்.

மேகம் காரின் வேகத்தைக் குறைத்தார். யாருடைய வீட்டுக்குள்ளோ தெரியாமல் நுழைந்துவிட்டவர் அடி வைப்பது போல மெதுவாக ஓட்டினார். பெரிய சாலை சிக்னலும் ஹாரனுமாக இருக்கும் என்பதால் அடுத்த நாளிலிருந்து ஏரிக்கரைச் சாலையைப் பிடித்தார். கொஞ்சம் சுற்றுத்தான். ஆனால் அங்கே தண்ணீர், நாணல், மூடிக்கிடக்கும் படகுக் கொட்டகை தவிர யாரும் இல்லை. காற்று ஒரே சீராக உஸ்ஸென்று வீசிக்கொண்டிருக்கும். ஓவியர் எதையாவது சொல்லிக்கொண்டு வருவார். ஒருநாள், "படியில எல்லாம் மீன் உட்கார்ந்திருக்கு. செருப்பை எங்க விட்டுச்சுங்கன்னு கேளு" என்றார். இன்னொரு நாள், சுவரில்லாத ஜன்னல்களைத் தலையில் சுமந்து விற்பவனிடம் பேரம். "எனக்குக் காலை தெரியற ஜன்னல்தான் வேணும். சாயங்காலம் வீட்டுல நிறைய இருக்கு." மற்றொரு நாள் ஓர் எழுத்தின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார். அவர் எழுதிக்கொண்டிருந்த ழகரத்தின் வால் சுவரோடு நிற்காமல் தெருமுனை திரும்பிப் போய்விட்டதாம். "நில்லு, வர்றேன். பிரஷ் இன்னும் காயல" என்று அதனிடம் கெஞ்சினார்.

பூட்டுக்கடை வாசலில் கார் நின்றதும் விழித்துக்கொள்வார். "தூங்கிட்டேனா தம்பி?"

"லேசா கண்ணசந்தீங்கக்கா."

அதற்கு மேல் மேகம் எதுவும் சொன்னதில்லை.

சொல்ல வேறு ஆள் இருந்தது. அவருடைய மனைவிக்கு அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. மலைமலையாகப் போர்வைகளும் விரிப்புகளும் துவைத்து உலர்த்தி மடித்து, தோள் கழன்று வீடு வருவார். கணவன் ஊர் விஷயம் எதையும் ஒழுங்காகச் சொல்கிறவர் இல்லை. யார் வீட்டில் என்ன என்று கேட்டால், "தெரியல, அவங்க வீட்டு மாடியில ஒரு காத்தாடி மாட்டியிருந்தது" என்பார். அப்படிப்பட்டவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் அந்தக் கனவுகளைச் சொன்னபோது மனைவிக்கே ஆச்சரியம். சில நாளில் அது வழக்கமாகிவிட்டது.

"இன்னைக்கு என்ன சொன்னாங்க?"

"இன்னைக்கு அவங்க இல்லாத நாள்."

"அட, ஆமா. சரி, அந்த ஜன்னல்காரன் கடைசியில குடுத்தானா இல்லையா?"

"பூட்டுக்கடை வந்துருச்சு. எழுந்துட்டாங்க."

"இன்னொரு சுத்து சுத்தியிருக்கலாம்ல? காருக்கென்ன, கால் வலிக்குமா?"

ஓவியரை மனைவி பார்த்ததே இல்லை. சலவைப் பிரிவு கீழ்த்தளத்தில், இயந்திரங்கள் நாலாம் மாடியில். ஆனால் அவருடைய கனவு வீட்டின் படிக்கட்டில் எந்தப் படி வழுக்கும் என்பது வரைக்கும் இந்த அம்மாவுக்கு அத்துப்படி.

குளிர் கடுமையாகத் தொடங்கிய சமயத்தில் ஹீட்டர் காற்று தகராறு செய்ய ஆரம்பித்தது. ஒரு நாள் காலை குமிழை முதல் கட்டத்துக்குத் திருப்பினால் சத்தமே இல்லை. இரண்டு, மூன்று, அதுவும் இல்லை. கடைசிக் கட்டத்தில் மட்டும் புயல் போலச் சீறிக்கொண்டு வந்தது. ஒன்று புயல், இல்லையென்றால் சூனியம். அன்றைக்கு ஓவியர் அந்த இரைச்சலில் கண்ணை மூடுவதும் திறப்பதுமாக வந்தார்.

மெக்கானிக், நல்ல மனுஷன், பார்த்த உடனே சொல்லிவிட்டார். "காத்தோட வேகத்தைக் குறைக்கறதுக்கு உள்ள ஒரு கம்பிச்சுருள் இருக்கும். ரெசிஸ்டர்னு சொல்லுவோம். அது எரிஞ்சிருச்சு. கடைசிக் கட்டத்துக்கு அது தேவையில்ல, அதான் அது மட்டும் ஓடுது." அரை மணி நேரத்தில் புதிதாக மாட்டிக் கொடுத்தார். உஸ்ஸென்ற பழைய ஓசை திரும்பியது. மேகம் நிம்மதியாக ஏரிக்கரைக்குத் திரும்பினார்.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் சூடேற்றிக்கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. ஓசை முனகலாக மாறி, இழுத்து, நின்றுபோனது. இந்தத் தடவை கடைசிக் கட்டமும் ஓடவில்லை. சரியாக அந்த நேரத்தில்தான் ஓவியர் கதவைத் திறந்து ஏறினார். துளைகளின் மேல் கை வைத்தார். "அப்பாடா" வரவில்லை.

"காத்து வரலையே, தம்பி."

"இப்பதாங்கக்கா நின்னுச்சு. வேற வண்டி கூப்பிடட்டுமா?"

"வேற வண்டியில எனக்குக் குமட்டுது. போயிரலாம், போங்க."

மேகம் தன் கோட்டைக் கழற்றி அவர் மேல் போர்த்தினார். காருக்குள்ளே இருவர் விட்ட மூச்சும் கண்ணாடியில் ஆவியாகப் படிந்தது. உள்ளே காற்று ஓடாததால் அது கலையவில்லை. சாலை பால் ஊற்றிய மாதிரி மறைந்தது. ஒரு கையில் ஸ்டீயரிங், ஒரு கையில் துணி என்று மேகம் துடைத்துக்கொண்டே ஓட்டினார். கொஞ்ச தூரம் போனதும் ஓவியர் அந்தத் துணியை வாங்கித் தானே துடைத்தார். பலகையில் வண்ணம் இழுக்கிற கை, மேலிருந்து கீழாக நேர்நேராகத் துடைத்தது. ஆனால் குளிரில் பல் கிட்டித்தது. அன்று ஏரிக்கரைக்குப் போகவில்லை, குறுக்கு வழியில் போய் இறக்கிவிட்டார். மாடிப்படியில் அவர் கைப்பிடியைப் பற்றிப் பற்றி ஏறுவதைக் கீழே நின்று பார்த்தார். மேலே விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

"என்னங்க, முகம் இப்படி விழுந்து கிடக்கு?" என்றார் மனைவி.

"இன்னைக்கு ஒண்ணும் சொல்லல. குளிர்ல தூங்கவே இல்ல."

மனைவி சாப்பாட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "புதுசா போட்டதும் எரிஞ்சிருச்சா?"

"ஆமா. மெக்கானிக் வேற ஒண்ணு போட்டுத் தர்றேங்கறார். மூணு நாள் ஆகுமாம்."

"போட்டா அதுவும் எரியும்."

மேகம் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க உலர்த்துற மெஷின்ல இப்படித்தான் நடந்துச்சு. ஃபியூஸ் போகும், மாத்துவாங்க, போகும், மாத்துவாங்க. கடைசியில பார்த்தா உள்ள இருக்கற காத்தாடி முழுக்கப் பஞ்சு. மோட்டார் சுத்த முடியாம திணறுது. திணறினா கரண்டை அதிகமா இழுக்கும். இழுத்தா, வழியில எது நோஞ்சானோ அது எரியும். உங்க கம்பிச்சுருள் பாவம், அது என்ன பண்ணும்? மோட்டாரைப் பாருங்க முதல்ல."

மறுநாள் மனைவிக்கு விடுமுறை. ஓவியருக்கும் ஆஸ்பத்திரி இல்லாத நாள். குடியிருப்பின் கீழே கார் நிறுத்தும் இடத்தில், வெயில் விழும் மூலையாகப் பார்த்து வண்டியை விட்டார்கள். மனைவி பழைய ஸ்வெட்டரின் மேல் சலவைக் கோட்டை மாட்டிக்கொண்டு, மெக்கானிக்கிடம் இரவல் வாங்கிய சோதனை விளக்கோடு வந்தார். பேனா மாதிரி இருக்கும். ஒரு முனையைக் காரின் இரும்பில் கவ்வவிட்டு, மறுமுனையால் வயரைத் தொட்டால், கரண்ட் இருந்தால் எரியும்.

முன் இருக்கைக்கு எதிரே, சாமான் வைக்கும் அறைக்கு அடியில் இருக்கிறது மோட்டார். அதைப் பார்க்க வேண்டுமென்றால் தலை கீழே, கால் இருக்கை மேலே என்று படுக்க வேண்டும். மேகம் படுத்தார். ஃபியூஸ் முதலில். அது நன்றாகவே இருந்தது. அடுத்து, மோட்டாருக்குப் போகும் வயர். மனைவி குமிழைத் திருப்ப, கடைசிக் கட்டத்தில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஆக, கரண்ட் மோட்டாரின் வாசல் வரை வருகிறது. உள்ளேதான் கதவு திறக்க ஆளில்லை.

"தட்டிப் பாருங்க" என்றார் மனைவி.

ஸ்க்ரூடிரைவரின் பிடியால் மோட்டாரின் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். அது 'ம்ம்' என்று தூக்கத்தில் புரளுகிற மாதிரி ஒரு முனகல் முனகி, அரைச்சுற்று சுற்றி நின்றது.

"கேட்டீங்களா? உசுரு இருக்கு. தெம்பு இல்ல."

அதன் பிறகு கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. மனைவி குனிந்து பார்த்தார். மேகம் தலைகீழாகப் படுத்தபடியே, முன்பலகையின் உள்புறத்தை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு? மயக்கமா?"

"இல்ல. உள்ள இருந்து பார்த்தா, இது ஒரு ஊர் மாதிரி இருக்கு. வயர் எல்லாம் தெரு. அந்தச் சின்ன ஓட்டை வழியா வெயில் வருது பாரு."

"ஊரைச் சுத்திப் பார்த்துட்டு, மூணு ஸ்க்ரூ இருக்கும், அதையும் கழட்டிட்டு வாங்க."

மூன்று திருகுகளும் கழன்று மோட்டார் கையில் இறங்கியது. அதன் தலையில் அணில் கூண்டு போல வட்டமான காற்றுச் சக்கரம். கண்ணாடிக்கு அடியிலுள்ள இடுக்கு வழியாக வருஷக்கணக்கில் விழுந்த சருகுகள் பொடிப்பொடியாக அதன் இதழ்களுக்கு நடுவே அடைந்திருந்தன. நூல், முடி, யாருடைய கம்பளியிலிருந்தோ உதிர்ந்த சிவப்புப் பிசிறு. மனைவி பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வோர் இதழாகச் சுத்தம் செய்தார். ஆனாலும் கையால் சுற்றிவிட்டால் சக்கரம் கால் சுற்றில் நின்றது. அச்சு தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டு வயரைப் பேட்டரியிலிருந்து நேராக இழுத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். உறுமிக்கொண்டே சோம்பலாகச் சுற்றியது. வயர் கைக்குச் சுட்டது.

"எண்ணெய் விட்டா?" என்றார் மேகம்.

"விட்டா ஒரு வாரம் ஓடும். அப்புறம் மறுபடி அந்த அக்கா பல்லு கிட்டிக்கிட்டு வரணும். இது போதும்னு சொல்லுது, விட்டுடுங்க."

அந்த மாடல் காருக்கு இப்போது மோட்டார் வருவதில்லை. ஊருக்கு வெளியே பழைய வண்டிகளைப் பிரித்துப் போட்டிருக்கும் இடத்துக்குப் போனார்கள். கதவில்லாத கார்கள், கண்ணில்லாத கார்கள், இருக்கைகளில் புல் முளைத்த கார்கள். மேகத்தைத் தனியாக விட்டிருந்தால் அன்று வீடு திரும்பியிருக்க மாட்டார். மனைவி பழைய மோட்டாரைக் கையில் ஏந்தி, வரிசை வரிசையாக உருவம் ஒத்துப் பார்த்துக்கொண்டே போனார். வேறொரு மாடல் காரில், அளவும் திருகுத் துளைகளும் ஒன்றாக இருந்த ஒரு மோட்டார் கிடைத்தது. செருகும் முனை மட்டும் வேறு. "வெட்டிச் சேர்த்துக்கலாம், வயர் வயர்தானே" என்றார் கடைக்காரர்.

திரும்பி வந்து பழைய சக்கரத்தைப் புது மோட்டாரில் பொருத்தி, வயர்களை வெட்டிச் சேர்த்து, கருகிப்போன கம்பிச்சுருளையும் மாற்றினார்கள். அதற்கும் அதே இடத்திலேயே ஒன்று கிடைத்திருந்தது. மேகம் குமிழைத் திருப்பினார். உஸ்ஸென்ற சத்தம் அருமையாக வந்தது. இருவரும் துளைகளின் மேல் கை வைத்தார்கள்.

"வருதா?"

"வருது... வரலையே."

குழந்தை ஊதுகிற அளவுக்குத்தான் காற்று. கடைசிக் கட்டத்திலும் அப்படியே. சத்தம் மட்டும் ஊரைக் கூட்டியது. மேகம் திரும்பவும் தலைகீழாகப் படுத்தார். ஃபியூஸ் சரி. வயர் சரி. சக்கரம் இடிக்கவில்லை. ஏதாவது அடைப்பா? இல்லை. அவருக்கு உண்மையிலேயே சலிப்பு வந்தது. வாழ்க்கையில் அவருக்கு அபூர்வமாக வருவது அது.

மனைவி கண்ணை மூடிக்கொண்டு கையை மட்டும் காற்றில் வைத்திருந்தார். பிறகு, "எந்தப் பக்கமா சுத்துது?" என்றார்.

"என்ன?"

"காத்தாடி. இதழ் எல்லாம் ஒரு பக்கமா வளைஞ்சிருக்குல்ல. நான் பல்லு தேய்ச்சி விட்டேனே, எனக்குத் தெரியாதா? அது குழிஞ்ச பக்கமா அள்ளித் தள்ளணும். முதுகுப் பக்கமா சுத்தினா சத்தம்தான் வரும்."

மேகம் ஒரு காகிதத் துணுக்கை உள்ளே நீட்டிப் பார்த்தார். சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வெட்டிச் சேர்த்தபோது இரண்டு வயரும் இடம் மாறியிருந்தன. பிரித்து, மாற்றி முறுக்கி, டேப் சுற்றினார். இந்தத் தடவை குமிழைத் திருப்பியதும் துளைகளிலிருந்து தும்மல் மாதிரி ஒரு பொட்டலம் தூசியும் சருகும் வெளியே வந்து மனைவியின் முகத்தில் விழுந்தது. பின்னாலேயே வந்தது காற்று. இன்ஜின் சூடாகச் சூடாக அதுவும் சூடானது. முதல் கட்டம், இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

"கொஞ்ச நேரம் ஓடட்டும். கருகற வாசனை வருதான்னு பார்ப்போம்" என்று மனைவி முன் இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்தார். முடியில் சருகுத் துணுக்கு ஒட்டியிருந்தது. சிறிது நேரத்தில் அப்படியே தூங்கிப்போனார். மேகம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். மனைவி ஒன்றும் பேசவில்லை. வாரமெல்லாம் போர்வை மடித்த கைகள், மடியில் திறந்து கிடந்தன. மேகம் இன்ஜினை அணைக்காமல் வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தார்.

அடுத்த சவாரிக்கு மனைவியும் வந்தார். காலை வேலை முடித்துவிட்டு, "சத்தத்தைக் கவனிக்கணும், நீங்க வேற எங்கேயாவது பார்த்துட்டு இருப்பீங்க" என்று சொல்லிப் பின்னால் ஏறிக்கொண்டார். நிஜக் காரணம் வேறு என்று மேகத்துக்குத் தெரியும்.

ஓவியர் வந்தார். துளைகளின் மேல் கை வைத்தார். "அப்பாடா" என்றார். அப்புறம்தான் பின்னால் ஆள் இருப்பதைக் கவனித்தார்.

"என் வீட்டுக்காரிங்கக்கா. இந்தக் காத்து இவ போட்டது."

"அப்படியா? கை குடும்மா." ஓவியர் தலையைத் திருப்பி மனைவியின் கையைப் பிடித்தார். "நேத்தைக்கு முந்தின நாள் நான் வீட்டுக்குப் போய் ரெண்டு போர்வைக்குள்ள கிடந்தும் நடுக்கம் நிக்கல."

"போர்வையை விடுங்கக்கா. உங்க வீட்டுப் படி வழுக்குமே, அந்த ஏழாவது படி. அதுல எப்படி ஏறினீங்களோன்னு நான் தவிச்சுட்டேன்."

சொல்லிவிட்டுத்தான் மனைவிக்கு உறைத்தது. அந்தப் படி பூட்டுக்கடை மாடிப்படி இல்லை. மீன்கள் உட்கார்ந்திருந்த படி.

ஓவியர் கையை எடுத்தார். "எங்க வீட்டுப் படி? அது சின்ன வயசுல நாங்க இருந்த வீடு. அந்தப் படியைப் பத்தி உனக்கு யாரு சொன்னா?"

கார் பாலத்தைத் தாண்டி ஏரிக்கரைக்குத் திரும்பியிருந்தது. மேகம் நாணல் ஓரமாக நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை.

"நீங்கதாங்கக்கா சொன்னீங்க. தூக்கத்துல."

"என்ன சொன்னேன்?"

"நிறைய."

"எத்தனை நாளா?"

"முதல் நாள்லேர்ந்து."

"அதை இவகிட்டயும் சொல்லுவீங்களா?"

மேகம் தலையசைத்தார். ஓவியர் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் வந்தது. அது நியாயமான கோபம். "அது என்னுது, தம்பி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீங்க தூங்க மாட்டீங்களோன்னு பயந்துட்டேன்."

தண்ணீரின் மேல் மூடுபனி எழுந்து படகுக் கொட்டகை பாதி வரை கரைந்திருந்தது. பின் இருக்கையில் மனைவி புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

"எனக்கு எதுவுமே ஞாபகம் இருக்கறதில்ல" என்றார் ஓவியர் கடைசியில். கோபம் போயிருந்ததா என்று தெரியவில்லை, குரல் தணிந்திருந்தது. "முன்னெல்லாம் கனவு வரும், காலையில எழுந்து சிரிச்சுக்குவேன். இந்த மெஷின்ல படுக்க ஆரம்பிச்சதுலேர்ந்து ஒண்ணும் கிடையாது. எல்லாத்தையும் வெளிய எடுத்துச் சுத்தம் பண்றாங்கல்ல, அதோட இதையும் எடுத்துட்டாங்கன்னு நினைச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "படியில என்ன இருந்துச்சு?"

மேகமும் மனைவியும் கண்ணாடி வழியாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மீனுங்கக்கா" என்றார் மனைவி. "வரிசையா உட்கார்ந்திருந்துச்சு. விருந்தாளி மாதிரி."

"விருந்தாளி மாதிரின்னு அவங்க சொல்லல" என்றார் மேகம். "செருப்பை எங்க விட்டுச்சுன்னு கேட்டாங்க. அவ்வளவுதான்."

"செருப்பை விட்டுட்டு உட்கார்ந்தா விருந்தாளிதானே?"

"நீயா சேர்க்காதே."

"நீங்க பாதியை வழியிலேயே தொலைச்சுட்டு வர்ற ஆளு. நான் சேர்க்கலைன்னா அது எங்க நிக்கும்?"

ஓவியர் சிரித்துவிட்டார். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஜன்னல் விற்றவனைச் சொன்னார்கள். ழகரத்தின் வாலைச் சொன்னார்கள். அதைக் கேட்டு, "அந்த வால் எனக்கு எப்பவும் தகராறுதான்" என்றார். குடையை மேகம் கடைசியாகச் சொன்னார். ஓவியர் கைகளைத் துளைகளின் மேல் வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டார். இமையோரம் நனைந்தது. "அப்பாகிட்ட ஒரே குடைதான் இருந்துச்சு" என்றார் கண்ணைத் திறக்காமலே.

அடுத்த சில வாரங்கள் அவர் காரில் தூங்கினார், ஆனால் ஒரு சொல்லும் பேசவில்லை. நாம்தான் கெடுத்துவிட்டோம் என்று வீட்டில் இருவருக்கும் மனசு அடித்துக்கொண்டது. பிறகு ஒருநாள் ஏரிக்கரையில் ஓவியர் தூக்கத்தில், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நிலாவுக்கு இன்னும் ஒரு கோட்டிங் குடுக்கணும்" என்றார். மேகம் சந்தோஷத்தில் ஒரு பள்ளத்தைக் கவனிக்காமல் காரை அதில் இறக்கிவிட்டார். ஓவியர் விழித்துக்கொண்டு, "என்ன சொன்னேன்?" என்றார். மேகம் சொன்னார். ஓவியர் தன் பையிலிருந்து பென்சிலை எடுக்கவும் இல்லை, எதையும் குறித்துக்கொள்ளவும் இல்லை. "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லி மறுபடி சாய்ந்துகொண்டார்.

மனைவி விடுமுறை நாட்களில் கூட வருவது பழக்கமாயிற்று. கொஞ்ச நாளில் ஓவியர் முன் இருக்கையை விட்டுப் பின்னால் போய் உட்கார ஆரம்பித்தார். இரண்டு பெண்களும் ஒரே போர்வைக்குள் முழங்காலை நுழைத்துக்கொண்டு, பாலத்திலிருந்து பூட்டுக்கடை வரை ஓயாமல் பேசினார்கள். சாயம் போகாமல் துணி துவைப்பது, மழையில் கரையாத வண்ணம் கலப்பது, ஆண்களுக்கு ஏன் எதுவும் முழுசாக ஞாபகம் இருப்பதில்லை என்பது. பின்னால்வரை சூடு போக வேண்டும் என்று மேகம் காற்றை மூன்றாம் கட்டத்தில் வைப்பார். அந்தச் சத்தத்தில் பேச்சு அவருக்குப் பாதிதான் கேட்கும்.

வெயில் காலம் பிறந்தபோது ஓவியரின் குடியிருப்புக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன மருத்துவ மையம் திறந்தார்கள். அதே இயந்திரம் அங்கேயும் இருந்தது. இனி நடந்தே போகலாம். கடைசிச் சவாரியில் இறங்கும்போது அவர் மேகத்தின் தோளைத் தட்டி, "உங்க வண்டியில தூங்கின மாதிரி நான் எங்கேயும் தூங்கினதில்ல" என்றார். மேகம் கதவை அறைந்து சாத்தி, அவர் மாடி ஏறும்வரை நின்றார்.

இப்போது அந்த இருக்கையில் வருபவர் ஓய்வு பெற்ற ஒரு வங்கி மேலாளர். ஏறியதும் தூங்குவார். குறட்டை மட்டும்தான். மேகம் முதலில் சில நாள் அதிலும் ஏதாவது இருக்குமோ என்று காது கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை, வெறும் குறட்டை.

வீட்டில் விடுமுறைக் காலைகளில் ஓவியரிடமிருந்து போன் வருகிறது. மனைவி அதை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தால் அரை மணி நேரத்துக்கு எழுந்திருப்பதில்லை. நேற்றும் அப்படித்தான். கேட்டுக் கேட்டுச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ, இவ்வளவும் ஞாபகம் இருக்கா? அப்புறம்? அது எப்படிக்கா கதவுக்குள்ள நுழைஞ்சுச்சு?" என்றார்.

"என்னவாம்?" என்றார் மேகம், ஆறிப்போன டீயோடு.

மனைவி போனைக் கையால் மூடிக்கொண்டார். "இருங்க, முழுசா கேட்டுட்டுச் சொல்றேன். நடுவுல வராதீங்க."